மெட்ராஸில் பிறந்தவரும் மலைச்சரிவுப் பந்தயமும்

மலர்க் குழுவிலிருந்து தம்பி ஒருவர் போன் செய்தார். "சார், நீங்க ஒரு சரித்திரக் கட்டுரை கொடுங்க. பழவேற்காடு டச்சுக்காரங்க கல்லறை பத்தி எழுதுங்களேன்" என்றார். பழவேற்காட்டை நம்மவர்கள் போதுமான அளவு எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் பனிச்சறுக்குப் பந்தயத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மறுமுனையில் சத்தமே இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முப்பது வருடம் உலைச்சூட்டில் வெந்தவனுக்கு மூளையும் கொஞ்சம் வெந்துவிட்டது என்று நினைத்திருப்பார். நியாயம்தான். ஆனால் இந்தக் கட்டுரை ஒரு கடன். 1988-லிருந்து பாக்கி நிற்கிறது.

அந்த வருடம் பிப்ரவரியில் நான் கடைசி வருட மாணவன். விடுதியில் காலைப் பத்திரிகைக்கு எப்போதும் அடிதடி. முதல் பக்கம் ஒருத்தன் கையில், சினிமாப் பக்கம் இன்னொருத்தன் கையில், நமக்கு மிஞ்சுவது விளையாட்டுப் பக்கத்தின் கீழ்பாதி. அதில் நாலு வரிச் செய்தி ஒன்று இருந்தது. கனடாவின் கால்கரி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், பெண்களுக்கான ஸ்லாலம் பந்தயத்தில் இந்திய வீராங்கனை ஷைலஜா குமார் 28-வது இடம். அதுவே கடைசி இடம். நான் சத்தமாகப் படித்தேன். என் அறைத்தோழன், "கடைசி இடம் வாங்குறதுக்கு எதுக்குடா கனடா வரைக்கும் போகணும்? நம்ம ஸ்போர்ட்ஸ் டேக்கு வந்திருந்தா நாமளே குடுத்திருப்போமே!" என்றான். மெஸ்ஸே சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஸ்லாலம் என்றால் என்னவென்று அந்த மெஸ்ஸில் ஒருவனுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், வார விடுமுறையில் புறநகர் ரயில் பிடித்து சென்னைக்குப் போய், நூலகங்களில் பொழுது போக்குவது என் வழக்கம். அப்படி ஒரு நாள் கலைக்களஞ்சியம் ஒன்றைப் புரட்டியபோது ஆர்னால்டு லன் என்ற பெயர் கண்ணில் பட்டது. நவீன ஸ்லாலம் பந்தயத்தை வகுத்தவர், பிரிட்டிஷ்காரர். பிறந்த வருடம் 1888. பிறந்த ஊர்: மெட்ராஸ்.

அந்த ஊர்ப் பெயரை நான் இரண்டு தடவை படித்தேன். மலைச்சரிவுப் பந்தயத்துக்கு விதி எழுதிய மனிதர், பனி என்றால் மார்கழிப் பனி மட்டுமே தெரிந்த நம் ஊரிலா பிறந்தார்? ஆமாம். அவருடைய தகப்பனார் ஹென்றி லன் ஒரு மெதடிஸ்ட் சபைப் பாதிரியார், டாக்டரும்கூட. 1887-ல் மருத்துவ ஊழியத்துக்காக இங்கே வந்தார். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் ஒரு வருட அளவிலேயே திரும்பிவிட்டார். சும்மா திரும்பவில்லை. இந்தியாவில் மிஷனரிகள் வசதியாக வாழ்கிறார்கள், ஏழை ஜனங்களிடமிருந்து விலகி நிற்கிறார்கள் என்று எழுதப்போய், 1890 வாக்கில் சபைக்குள் பெரிய சர்ச்சையே கிளம்பியது. பிறகு அவர் பிரயாண ஏற்பாட்டுத் தொழிலில் இறங்கி, குளிர்காலத்தில் ஆங்கிலேயர்களைக் கூட்டம் கூட்டமாக சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப் போனார். கைக்குழந்தையாக மெட்ராஸை விட்டுப் போன மகன் அந்த மலைகளில் வளர்ந்தான்.

அந்தக் காலத்தில் ஸ்கீ என்றால் நார்வேக்காரர்கள் வைத்ததுதான் சட்டம். சமவெளியிலும் காட்டிலும் நெடுந்தூரம் போவது, மேடையிலிருந்து தாண்டுவது, இந்த இரண்டும்தான் அவர்களுக்கு ஸ்கீ. செங்குத்தான ஆல்ப்ஸ் மலையில் மேலிருந்து கீழே வருவதை யார் வேகமாக வருகிறார் என்று பார்ப்பது ஒரு விளையாட்டா என்று கேட்டார்கள். லன் அதைத்தான் விளையாட்டாக்கினார். 1911 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் மொன்டானாவில், மேலே பனியாற்றுப் பக்கம் உள்ள குடிசையில் ராத்தங்கி, காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கீழே பாய்கிற பந்தயம் ஒன்று நடந்தது. ஜெயித்தவருக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பரிசுக் கோப்பையைக் கொடுத்தவர் ராபர்ட்ஸ் பிரபு. கான்பூரில் பிறந்தவர், 1880-ல் காபூலிலிருந்து காந்தகாருக்குப் படை நடத்தியவர், 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்தவர். அதனால் அது 'காந்தகார்' கோப்பை ஆயிற்று. ஆப்கானிஸ்தானத்து ஊர்ப்பெயர் ஆல்ப்ஸ் மலைக்குப் போனது இப்படித்தான். இன்றைக்கும் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் பந்தயச் சரிவின் பெயர் காந்தகார். டி.வி.யில் அந்தப் பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

அவருடைய பெரிய காரியம் ஸ்லாலம்தான். அந்தச் சொல்லும் நார்வேயிலிருந்து வந்தது. சரிவில் போகிற தடம் என்று பொருள். அதுவரை திரும்பி வளைகிற போட்டிகளில் நடுவர்கள் அழகுக்கு மதிப்பெண் போட்டார்கள். கால் சேர்ந்திருந்ததா, உடம்பு நிமிர்ந்திருந்ததா என்று பார்ப்பார்கள். லன் அதைத் தூக்கி எறிந்தார். காட்டுக்குள் மரங்களுக்கு நடுவே வேகமாக இறங்கத் தெரிந்தவன்தான் திறமைசாலி. மரம் இவன் அழகைப் பார்த்து வழிவிடாது என்பது அவர் கட்சி. 1922 ஜனவரியில் ம்யூரென் என்ற மலைக்கிராமத்தில் சரிவில் ஜோடி ஜோடியாகக் கம்புகளை நட்டு, ஒவ்வொரு ஜோடியையும் ஒரு வாசலாக வைத்து, அத்தனை வாசலிலும் புகுந்து குறைந்த நேரத்தில் வந்தவருக்கே பரிசு என்று நடத்திக் காட்டினார். அவலட்சணமாகத் திரும்பினாலும் பரவாயில்லை, கடிகாரம்தான் நடுவர்.

இதில் இன்னொரு சங்கதி. 1909-ல் வேல்ஸ் மலையொன்றில் ஏறும்போது விழுந்து லன்னுக்குக் கால் முறிந்தது. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகவே நின்றுவிட்டது. அந்தக் காலோடுதான் இத்தனையும் செய்தார். நார்வேக்காரர்களின் எதிர்ப்பைத் தாண்டி, 1930-ல் அவர்கள் ஊரான ஆஸ்லோவில் கூடிய சர்வதேச மாநாட்டிலேயே இந்தப் பந்தயங்களுக்கு அங்கீகாரம் வாங்கினார். 1931-ல் ம்யூரெனில் முதல் உலகப் போட்டி. 1936-ல் கார்மிஷ் ஒலிம்பிக். அங்கே பிரிட்டிஷ் அணிக்குத் தலைவர் அவருடைய மகன் பீட்டர் லன். (இந்தப் பீட்டர் பின்னாளில் பிரிட்டிஷ் உளவுத்துறையில் பெரிய ஆளாகி, பெர்லினில் சுரங்கம் தோண்டி ரஷ்யர்களின் டெலிபோனை ஒட்டுக்கேட்ட வேலையில் பங்கெடுத்தவர். அது வேறு கட்டுரை.) ஆர்னால்டு லன்னுக்கு 1952-ல் சர் பட்டம் கிடைத்தது. 1974-ல் காலமானார்.

சரி, இப்போது பந்தயத்துக்கு வருவோம். டி.வி.யில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஹெல்மெட் போட்ட ஒருத்தர் மேலிருந்து வருகிறார், கீழே வந்து நிற்கிறார், ஒரு எண் வருகிறது. என் மனைவி, "இதுல ஜெயிச்சது யாரு, தோத்தது யாருன்னே தெரியலையே" என்பாள். வகை தெரிந்தால்தான் அதில் ருசி.

முதலாவது டவுன்ஹில். நம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நிற்கும்போது கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நிற்காமல் பறக்குமே, பிளாட்பாரமே ஆடுமே, அதுதான் டவுன்ஹில். ஆண்கள் பந்தயத்தில் புறப்படும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் உயர வித்தியாசம் 800 முதல் 1100 மீட்டர். பரங்கிமலை சுமார் 300 அடி. அதுபோல ஏறக்குறைய பத்து மலையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓட்டம், இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. 2013-ல் சுவிட்சர்லாந்தின் வெங்கனில் பிரான்ஸின் யோஹான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகம் தொட்டார். இந்த வகையில் மட்டும், பந்தயத்துக்கு முன்பே தடத்தில் இறங்கிப் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படியும் 1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் ராஸ் மில்ன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் பயிற்சி ஓட்டத்திலேயே உயிரை விட்டார்.

ஸ்லாலம் இதற்கு நேர் எதிர். இரண்டரை மணி ஷிப்ட் விட்டதும் சிப்காட் கேட்டிலிருந்து ஜி.என்.டி. ரோடு வரைக்கும் லாரிகள் நிற்கிற சந்தில் டி.வி.எஸ். 50-ஐ ஒடித்து ஒடித்து ஓட்டுவோமே, அந்த வித்தை. உயர வித்தியாசம் ஆண்களுக்கு 180 முதல் 220 மீட்டர்தான், அதாவது இரண்டு பரங்கிமலைக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் ஐம்பது அறுபது வாசல். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று மாறி மாறி வரும். கம்பைச் சுற்றிப் போனால் நேரம் வீணாகும் என்று முழங்காலாலும் கையாலும் கம்பை அடித்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். கம்பின் அடியில் கீல் மாதிரி ஓர் இணைப்பு இருப்பதால் சாய்ந்து மறுபடி நிமிரும். கம்பை அடிக்கலாம், தப்பில்லை; இரண்டு ஸ்கீயும் வாசலுக்குள் வந்திருக்க வேண்டும். ஒரு ஸ்கீயின் நுனி கம்பின் தப்பான பக்கம் போனால் ஆள் அவுட். தவறவிட்ட வாசலுக்கு மேலே ஏறிப் போய் மறுபடி நுழைய வேண்டும். நொடியில் நூறில் ஒரு பங்கு எண்ணுகிற பந்தயத்தில் அதற்கு அர்த்தமே இல்லை. இரண்டு ஓட்டம், இரண்டுக்கும் தடம் வேறு, நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். முதல் ஓட்டத்தில் முன்னணியில் வந்தவர்களை இரண்டாவது ஓட்டத்தில் தலைகீழ் வரிசையில் இறக்குவார்கள். ஒலிம்பிக்கில் முதல் 30 பேர். முப்பதாவது வந்தவர் முதலில் இறங்குவார், முதலாவது வந்தவர் அவர்களில் கடைசியில். டி.வி.க்காரர்களுக்கு இதைவிட நல்ல திரைக்கதை கிடைக்காது.

நடுவில் இரண்டு இருக்கின்றன. ஜயன்ட் ஸ்லாலம் 1952 ஆஸ்லோ ஒலிம்பிக்கில் சேர்ந்தது. வாசல்களுக்கு இடைவெளி அதிகம், வளைவு பெரிது, இதுவும் இரண்டு ஓட்டம். வளைவைச் சுத்தமாகப் போடத் தெரிந்தவருக்கான பரீட்சை இது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். எனக்கும் இதுதான் பிடிக்கும். சூப்பர்-ஜி 1988 கால்கரியில்தான் முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தது. டவுன்ஹில் வேகம், ஆனால் திருப்பம் அதிகம், பயிற்சி ஓட்டம் கிடையாது. காலையில் தடத்தைப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். இவற்றைச் சேர்த்துப் போடுகிற 'கம்பைன்ட்' என்று ஒன்றும் உண்டு. 1936-ல் மலைச்சரிவுப் பந்தயம் என்று ஒலிம்பிக்கில் இருந்தது அது மட்டுமே.

மெக்கானிக்கல்காரர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்கீயின் நீளத்தைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடலாம். ஆண்களுக்கு ஸ்லாலம் ஸ்கீ குறைந்தது 165 சென்டிமீட்டர், டவுன்ஹில் ஸ்கீ குறைந்தது 218. குட்டையானது சட்டென்று திரும்பும், நீளமானது வேகத்தில் ஆடாது. அடியில் இரண்டு பக்கமும் எஃகு விளிம்பு. அது 1920-களின் பிற்பகுதியில் ஆஸ்திரியாவின் ருடால்ஃப் லெட்னர் கொண்டுவந்தது. அதற்கு அரம் போட்டுக் கோணம் தீட்டுவதற்கென்றே அணிகளில் தனி ஆட்கள் இருக்கிறார்கள். ஏனென்றால் பந்தயத் தடம் நாம் நினைக்கிற பஞ்சுப் பனி அல்ல. பல இடங்களில் தண்ணீரை உள்ளே செலுத்தி உறைய வைத்துக் கல்லாக்கி வைத்திருப்பார்கள். அப்படியும் முன்னால் போகிறவர்களின் விளிம்பு அந்தத் தடத்தைக் கீறிக் குழியாக்கிவிடும். தரவரிசையில் பின்தங்கியவர்தான் கடைசியில் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் லாரி போன மண்ரோட்டில் சைக்கிள் விடுகிறவன் கதிதான் அவருக்கு. ஆகவே டி.வி.யில் ஒருவருடைய நேரத்தைப் பார்க்குமுன் அவர் எத்தனையாவது ஆளாக இறங்கினார் என்று பாருங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் என் 1988 சிரிப்பு எனக்கே கசந்தது.

28-வது இடம் என்றால் என்ன? அன்றைக்குப் பந்தயத்தை முடித்தவர்கள் மொத்தம் 28 பேர். பட்டியலில் அதற்குக் கீழேயும் பெயர்கள் உண்டு. விழுந்தவர்கள், வாசல் தவறியவர்கள், ஆல்ப்ஸ் நாடுகளில் நடக்கப் பழகும்போதே ஸ்கீ மாட்டியவர்கள் எல்லாம் அதில் அடக்கம். ஜெயித்தவர் சுவிட்சர்லாந்தின் ஃப்ரேனி ஷ்னைடர், அந்தக் காலத்து மகாராணி. ஷைலஜா குமார் இரண்டு ஓட்டத்திலும் ஒரு வாசல் விடாமல் கீழே வந்து சேர்ந்தார். குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். அதே கால்கரியில் தாண்டும் போட்டியில் கடைசி இடம் வந்த இங்கிலாந்தின் எடி எட்வர்ட்ஸை உலகமே கொண்டாடியது, சினிமா எடுத்தது. கவிழ்ந்துபோன ஜமைக்கா பனிவண்டி அணியைப் பற்றியும் 1993-ல் சினிமா வந்தது. நம் பெண்ணுக்குக் கிடைத்தது பத்திரிகையில் நாலு வரி, அப்புறம் எங்கள் மெஸ்ஸில் ஒரு சிரிப்பு.

நம் நாட்டுக் கணக்கு அவரோடு தொடங்கவில்லை. 1927-லேயே காஷ்மீரின் குல்மார்க்கில் ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் ஸ்கீ சங்கம் தொடங்கியிருந்தார்கள். 1964 இன்ஸ்ப்ரூக்கில், ராஸ் மில்ன் இறந்த அதே டவுன்ஹில்லில், இந்தியாவின் ஒரே ஆளாக ஜெரெமி புஜகோவ்ஸ்கி என்ற போலந்து வம்சாவளி இந்தியர் இறங்கினார். முடிக்க முடியவில்லை. 1968 கிரெனோபிளில் மறுபடி போய், அந்தத் தடவை டவுன்ஹில்லை முடித்தார். அவருக்குப் பிறகு வந்த நம்மவர்கள் பெரும்பாலும் ஸ்லாலம், ஜயன்ட் ஸ்லாலம் இரண்டில்தான். இதற்குப் பயம் காரணமில்லை. டவுன்ஹில்லுக்கு ஒரு முழு மலையைச் சீர்செய்து, வழி நெடுக வலை கட்டி, ஹெலிகாப்டர் நிறுத்திப் பழக வேண்டும். ஸ்லாலத்துக்கு ஒரு சரிவும் ஒரு கட்டுக் கம்பும் போதும். ஏழைக்கு எந்தப் படிப்பு வாய்க்குமோ அந்தப் படிப்பு.

2006 டூரினில் நேஹா அஹுஜா போனார். 2014 சோச்சியில் மணாலிப் பக்கத்து ஹிமான்ஷு தாக்கூர். அப்போது இந்திய ஒலிம்பிக் சங்கம் தடைசெய்யப்பட்டிருந்ததால் தொடக்க விழாவில் நம் ஆட்கள் தேசியக் கொடி இல்லாமல் நடந்தார்கள். நடுவில் தடை நீங்கியது. ஹிமான்ஷுவின் தங்கை ஆஞ்சல் தாக்கூர் 2018 ஜனவரியில் துருக்கியின் எர்சுரூமில் ஸ்லாலத்தில் வெண்கலம் வாங்கினார். சர்வதேச ஸ்கீ போட்டியில் இந்தியாவுக்கு முதல் பதக்கம்.

பிறகு ஆரிஃப் கான். குல்மார்க்குக்குக் கீழே டங்மார்க் பக்கத்துக்காரர். அப்பா ஸ்கீ சாமான் கடை வைத்திருந்தார்; பையன் நாலு வயதில் ஸ்கீ மாட்டியவன். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போனது அவர் ஒருவர்தான். ஸ்லாலத்துக்கு அவர் தகுதி பெற்ற இடம் எது தெரியுமா? துபாய்! வளைகுடாவில் வேலை பார்த்த நம் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும், 2005-ல் திறந்த அந்த வணிக வளாகத்துப் பனிச்சரிவு. நானும் ஒரு கம்பெனி வேலையாகப் போனபோது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். உயரம் 85 மீட்டர் அளவுதான், நம் பரங்கிமலை மாதிரி. வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில், உள்ளே பிள்ளைகள் கோட்டு போட்டுக்கொண்டு உருண்டுகொண்டிருந்தார்கள். அங்கே கம்பு நட்டுப் பந்தயம் நடத்தி, அதில் கிடைத்த புள்ளியில் ஒலிம்பிக் போனார் ஆரிஃப். மெட்ராஸ்காரர் வகுத்த பந்தயத்துக்குப் பாலைவனத்தில் தகுதி!

2022 பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை, ஜயன்ட் ஸ்லாலம். நான் வீட்டில் பிள்ளையின் செல்போனை வாங்கிவைத்துக்கொண்டு பார்த்தேன். பெய்ஜிங் மலையில் கடுமையான பனிப்பொழிவு, பத்தடி தூரம் தெரியவில்லை. ஏறத்தாழ 90 பேர் இறங்கினார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் முடிக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட் 2 நிமிடம் 9.35 நொடியில் தங்கம் வாங்கினார். ஆரிஃப் இரண்டு ஓட்டமும் முடித்து 2 நிமிடம் 47.24 நொடி. 45-வது இடம். மூன்று நாள் கழித்து ஸ்லாலத்தில் முதல் ஓட்டத்திலேயே வாசல் தவறி வெளியேறினார். அந்த ஸ்லாலம் அப்படித்தான், யாரையும் விடாது.

13-ந்தேதி ராத்திரி நம் வாட்ஸ்அப் குழுவில் நான் செய்தி போட்டேன்: ஜயன்ட் ஸ்லாலம், இந்தியா 45-வது இடம். யாரும் சிரிப்புப் படம் போடுவதற்கு முன்பே என் பழைய அறைத்தோழன் தட்டிவிட்டான். அவன் இப்போது கோயம்புத்தூரில் பம்பு வியாபாரத்தில் இருக்கிறான், முழங்கால் இரண்டும் போய்விட்டது.

"எத்தனை பேர்டா இறங்குனாங்க?"